ஐந்தாம் நாள் கருவிலிருந்து செல்களை எடுத்தால் பிள்ளைக்கு ஏதாவது குறையுமா?

கேள்வி இதுதான். ஐவிஎஃப் சிகிச்சையில் இருக்கும் ஒரு தம்பதி, இரண்டு பேருக்குமே தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் மரபணு இருப்பதால் கருவைக் கருப்பையில் வைப்பதற்கு முன்னால் சோதித்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஐந்தாம் நாளில் கருவிலிருந்து சில செல்களைக் கிள்ளி எடுப்பார்களாம். "அந்தச் செல்கள் என் பிள்ளையின் விரலாகவோ கண்ணாகவோ ஆக வேண்டியவையாக இருந்தால் என்ன செய்வது, எடுத்த இடத்தை எது நிரப்பும்?" என்று அந்தப் பெண் கேட்கிறார். கூடவே இன்னொன்று: அவருடைய நாத்தனார், உண்டாகியிருப்பது தெரியாமல் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு பயந்துபோய் இருக்கிறாராம், இதற்கும் அதற்கும் ஒரே பதில்தானா?

விரலும் போகாது, கண்ணும் போகாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏன் என்பது கொஞ்சம் நீளமான கதை. நான் மருத்துவர் இல்லை, கரு வளர்ச்சியை ஆராயும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன், எலிக் கருவும் தவளை முட்டையும்தான் அன்றாடப் புழக்கம். அதனால் சிகிச்சை பற்றிய முடிவை உங்கள் டாக்டரிடம் பேசிக்கொள்ளுங்கள். எடுத்த இடத்தை எது நிரப்பும் என்பதற்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியும்.

ஐந்தாம் நாள் கரு என்பது உள்ளே நீர் நிரம்பிய ஒரு சின்ன உருண்டை. கூடக் குறைய நூறு செல்கள் இருக்கும். வெளிச்சுவர் ஒற்றை அடுக்கு, அது பிற்பாடு நஞ்சுக்கொடியின் பகுதியாகும். உள்ளே ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கிற கொத்துதான் பிள்ளையாகப் போவது. சோதனைக்கு எடுப்பது வெளிச்சுவரிலிருந்து, ஐந்திலிருந்து பத்து செல்கள் வரை. பிள்ளைக்கான கொத்தை ஊசி தொடுவதே இல்லை. வழக்கமாக விளக்கம் இந்த இடத்தில் முடிந்துவிடும். அது சரியான பதில்தான், ஆனால் பாதிப் பதில். உள்ளே இருக்கிற கொத்திலிருந்தே இரண்டு மூன்று செல்கள் போனாலும் விரல் போகாது. அந்த வயதில் விரலுக்கென்று ஒதுக்கப்பட்ட செல் ஒன்றுகூடக் கிடையாது. எந்தச் செல் எதுவாகும் என்பது இன்னும் முடிவாகவில்லை, அந்த முடிவு எடுக்கப்படும் விதத்தில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது.

உங்கள் பயத்துக்கு நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் வயசாகிறது. 1888இல் வில்ஹெல்ம் ரூ என்ற ஜெர்மானியர் தவளையின் கரு இரண்டு செல்லாக இருக்கும்போது ஒன்றைச் சூடான ஊசியால் குத்திக் கொன்றார். மிச்சமிருந்த செல் பாதிக் கருவாக வளர்ந்தது, ஒரு பக்கம் மட்டும் உள்ள கரு. ஆக, முட்டை பிளக்கும்போதே பாகங்கள் பங்கு பிரிக்கப்பட்டுவிடுகின்றன, ஒரு செல் போனால் அதன் பங்கும் போச்சு என்று அவர் முடிவுக்கு வந்தார். கேட்கிறபோது நியாயமாகத்தான் இருக்கிறது. நீங்கள் நினைப்பதும் அதேதான்.

மூன்று வருஷம் கழித்து, 1891இல், ஹான்ஸ் டிரீஷ் அதையே கடல் முள்ளெலியில் செய்து பார்த்தார். இது முள் உருண்டை மாதிரி இருக்கும் கடல் பிராணி, சிங்கப்பூரில் சாங்கி பக்கம் தண்ணீர் நன்றாக வற்றும் நேரத்தில் போனால் வெள்ளை முள்ளோடு, மேலே சிப்பியும் குப்பையும் போர்த்திக்கொண்டு கிடக்கும், அதன் உறவுக்காரர்கள்தான். டிரீஷ் ஊசி எடுக்கவில்லை. இரண்டு செல் கருக்களைக் கடல் நீரோடு ஒரு கண்ணாடிக் குழாயில் போட்டுக் குலுக்கினார், செல்கள் தனித்தனியாகப் பிரிந்தன. ஒவ்வொன்றும் பாதிக் கருவாகத்தான் வளரும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு, சாயங்காலம் வரை அப்படித்தான் தெரிந்தது, உருண்டையைப் பாதியாக வெட்டியதுபோல் ஒரு பக்கம் திறந்து கிடந்தது. மறுநாள் காலையில் அந்த வாய் மூடி முழு உருண்டையாகியிருந்தது. கடைசியில் வந்தது முழு லார்வா, அளவு மட்டும் சிறியது.

இரண்டு பேரில் யார் சொல்வது சரி? இரண்டு பேரும் பார்த்தது உண்மை. வித்தியாசம் எங்கே என்றால், ரூ செல்லைக் கொன்றார், அகற்றவில்லை. செத்த செல் உயிருள்ள செல்லோடு ஒட்டிக்கொண்டே இருந்தது. 1910இல் மெக்லெண்டன் என்பவர் தவளைக் கருவின் இரண்டு செல்களில் ஒன்றை உறிஞ்சி எடுத்தே விட்டார், மிச்சமிருந்தது முழுத் தவளைக் கருவாக வளர்ந்தது. பக்கத்தில் பிணம் கிடக்கும்வரை அந்தச் செல் தன்னைப் பாதி என்றே எடுத்துக்கொண்டது, பிணம் போனதும் முழுதாகிவிட்டது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை எது என்று கேட்டால் டிரீஷையோ ரூவையோ சொல்லமாட்டேன், இதைத்தான் சொல்வேன். அதிகம் பேர் இதைப் பேசுவதில்லை.

டிரீஷ் கதையின் பின்பாதி கொஞ்சம் பரிதாபம். எந்த இயந்திரத்தைப் பாதியாக வெட்டினாலும் இரண்டு முழு இயந்திரம் கிடைக்காது, கருவில் கிடைக்கிறது, அப்படியானால் உயிருக்குள் இயற்பியலுக்கு அடங்காத ஏதோ ஒரு சக்தி இருக்கிறது என்று முடிவு கட்டி, ஆய்வகத்தை விட்டுத் தத்துவத்துக்குப் போய்விட்டார். அவர் கேட்ட கேள்வி நல்ல கேள்விதான். முழு உருவம் எப்படி இருக்க வேண்டும் என்று கருவுக்கு எப்படித் தெரிகிறது, எது குறைகிறது என்று யார் கணக்குப் பார்ப்பது? இன்றைக்கும் பலர் இதை இப்படித்தான் கற்பனை செய்கிறார்கள், கருவுக்குள் ஒரு வரைபடம் இருப்பதுபோலவும், ஒரு செல் காணாமல் போனதும் பழுதுபார்க்கும் ஆள் ஓடி வருவதுபோலவும்.

அப்படி ஆள் யாரும் இல்லை. நான் சொல்ல வந்ததே இதுதான்: காணாமல் போன செல்லைக் கரு கண்டுபிடித்து நிரப்புவதில்லை. ஒவ்வொரு செல்லும் தான் ஆகக்கூடிய பலவற்றில் ஒன்றாக மட்டும் இருப்பதற்குக் காரணம், அக்கம்பக்கத்துச் செல்கள் அதைத் தடுத்து வைத்திருப்பதுதான். பக்கத்துச் செல் போனால் அதோடு தடையும் போகிறது. நம் காப்பிக்கடையில் மேசைமேல் டிஷ்யூ பாக்கெட் வைத்து "சோப்" பண்ணுவதை, அதாவது இடம் பிடித்து வைப்பதை, நினைத்துக்கொள்ளுங்கள், பாக்கெட் இருக்கும்வரை யாரும் உட்காரமாட்டார்கள், அதை எடுத்துவிட்டால் அடுத்த தட்டோடு நிற்கிறவர் உட்கார்ந்துவிடுவார், அவருக்கு யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை.

வெட்டுக்கிளிக் கருவில் இது அப்பட்டமாகத் தெரியும். நரம்பு உண்டாகப்போகும் தோல் பரப்பில் செல்கள் எல்லாமே தொடக்கத்தில் ஒரே தகுதியோடுதான் இருக்கின்றன. அதில் ஒன்று முந்திக்கொண்டு நரம்புத் தாய்ச்செல் ஆகிறது, ஆனதும் சுற்றியிருப்பவற்றை "நீ ஆகாதே" என்று தடுக்கிறது. 1980களில் கிரிஸ் டோவும் கோரி குட்மனும் லேசரால் அந்த ஒரு செல்லை மட்டும் சுட்டார்கள். பக்கத்தில் இருந்த சாதாரணத் தோல் செல் ஒன்று அந்த இடத்துக்கு வந்து அதே வேலையை எடுத்துக்கொண்டது.

இன்னும் வேடிக்கை, சி. எலகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு. இருபால் புழுவின் உடல் செல்கள் மொத்தம் 959, புழுவுக்குப் புழு எண்ணிக்கை மாறாது, எந்தச் செல் எதிலிருந்து வந்தது என்று வம்சாவளியே எழுதி வைத்திருக்கிறார்கள். இப்படிக் கட்டுச்செட்டாக வளரும் பிராணியில் பதிலுக்குப் பதில் செல் கிடைக்காது என்றுதான் நினைப்போம், பெரும்பாலும் உண்மையும் அதுதான், ஒன்றைச் சுட்டால் அதிலிருந்து வர வேண்டியவை வராது. ஆனால் அதிலும் விதிவிலக்கு உண்டு. கர்ப்பப்பைப் பகுதியில் இரண்டு செல்கள் அருகருகே இருக்கும், இரண்டில் ஒன்று நங்கூரச் செல் ஆகும், மற்றது வேறு வேலைக்குப் போகும். எந்தச் செல் எதுவாகும் என்பது ஒவ்வொரு புழுவிலும் பூவா தலையா போட்டுப் பார்ப்பதுதான். இரண்டில் எதைக் கொன்றாலும் மிஞ்சியது கட்டாயம் நங்கூரச் செல்தான் ஆகும் என்று ஜூடித் கிம்பிள் 1981இல் காட்டினார். எதிரில் இருக்கிற செல்லிடமிருந்து நாட்ச் என்ற புரதம் வழியாக வரும் சிக்னல்தான் ஒன்றை வேறு வேலைக்குத் தள்ளுகிறது, எதிரில் ஆளே இல்லையென்றால் தள்ளுவதற்கு யார் இருக்கிறார்கள்?

கடல் முள்ளெலிக்கே திரும்பி வருகிறேன், கணக்கு எப்படித் தானாக நேராகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அதன் லார்வாவுக்கு உள்ளே சுண்ணாம்புக் கம்பிகளால் ஆன எலும்புச் சட்டம் உண்டு. அதைக் கட்டுவதற்கென்று சுமார் 64 செல்கள் கருவின் உட்குழிக்குள் முதலில் இறங்கும். அவற்றுக்குப் பின்னால், உள்ளே மடிந்து வரும் குடலின் நுனியில் வேறொரு கூட்டம் இருக்கும், சாதாரணமாக அவை நிறமிச் செல், தசை என்று போகும், எலும்பு கட்டாது. அமெரிக்காவில் சார்லஸ் எட்டன்சோனும் டேவிட் மெக்லேயும் 1988இல் மயிரிழையைவிட மெல்லிய கண்ணாடி ஊசியைக் கருவுக்குள் விட்டு, எலும்புச் செல்களை மட்டும் உறிஞ்சி வெளியே எடுத்தார்கள். கருவே மயிரிழை அகலம்தான் இருக்கும், அதற்குள் ஒரு குறிப்பிட்ட கூட்டத்தை மட்டும் பார்த்து எடுப்பது என்றால் எப்படிப்பட்ட கை வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். எடுத்துச் சில மணி நேரத்தில் குடல் நுனியில் இருந்த கூட்டத்திலிருந்து அறுபது எழுபது செல்கள் பிரிந்து வந்து, அதே இடங்களில் அதே வளையமாக அணிவகுத்து, கம்பிகளைக் கட்டின. முழு லார்வா கிடைத்தது.

அப்புறம் அவர்கள் செய்ததுதான் முக்கியம். எல்லாவற்றையும் எடுக்காமல் பகுதியை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். எவ்வளவு குறைந்ததோ ஏறக்குறைய அவ்வளவுதான் மாறி வந்தது. இங்கே யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. எலும்புச் செல்கள் இருக்கும்வரை மற்றவற்றைத் தடுக்கும் சிக்னல் இருக்கிறது, செல் குறைந்தால் தடையும் அந்த அளவுக்குக் குறைகிறது, சிலது நழுவி வந்து எலும்புச் செல் ஆகின்றன, வந்தவை சேரச் சேரத் தடை மறுபடி ஏறுகிறது, போதுமான அளவு வந்ததும் கதவு சாத்தப்படுகிறது. டிரீஷ் தேடிய கணக்கப்பிள்ளை இதுதான், ஒரு எதிர்வினைச் சுற்று.

தவளையில் இதே சங்கதியை மூலக்கூறு அளவில் பிடித்தவர்களில் ஒருவர் பிற்பாடு சிங்கப்பூருக்கு வந்து ஆய்வகம் நடத்தினார். புரூனோ ரெவர்சாட், எட்டி டி ராபர்ட்டிஸோடு சேர்ந்து 2005இல் கலிபோர்னியாவில் செய்த வேலை அது, அப்புறம் இங்கே ஏஸ்டார் ஆய்வு நிறுவனத்தில் இருந்தபோது ஒற்றைக்கரு இரட்டையர்களைப் பற்றியும் ஆராய்ந்தார். தவளைக் கருவில் வயிற்றுப் பக்கம் பிஎம்பி என்ற புரதங்கள் சுரந்து "வயிறாகு" என்று சொல்லும். முதுகுப் பக்கம் அட்மிப் என்ற இன்னொரு புரதம் இருக்கிறது, அதுவும் பிஎம்பி குடும்பம்தான், அதுவும் "வயிறாகு" என்றுதான் சொல்லும், முதுகில் இருந்துகொண்டு இப்படிச் சொல்வது ஆரம்பத்தில் யாருக்கும் புரியவில்லை. விஷயம் என்னவென்றால் பிஎம்பி அதிகம் இருந்தால் அட்மிப் மரபணு அடங்கிக் கிடக்கும், பிஎம்பி குறைந்தால் விழித்துக்கொள்ளும். கருவை நடுவில் வெட்டி வயிற்றுப் பாதியை எறிந்துவிட்டால் பிஎம்பி சரிகிறது, முதுகுப் பாதியில் அட்மிப் ஏறுகிறது, இழந்த வயிறு புதிதாக ஏற்பட்டு, அளவுப் பொருத்தம் கெடாத சின்னக் கரு கிடைக்கிறது. அட்மிப்பை முடக்கிவிட்டால் இந்தச் சமாளிப்பு நடப்பதில்லை. மறுபுறம், எறிந்த வயிற்றுப் பாதியைத் தனியாக வளர்த்தால் அது வெறும் வயிற்றுச் சதையாகத்தான் நிற்கும், தலையும் வராது முதுகெலும்பும் வராது. ஹான்ஸ் ஸ்பீமன் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே, குழந்தையின் தலைமுடியால் நியூட் என்ற, தவளைக்கு உறவான வால் உள்ள பிராணியின் கருவைச் சுருக்குப் போட்டுக் கட்டி இதைப் பார்த்திருக்கிறார். ஆக, எந்தப் பாதி போகிறது என்பதும் முக்கியம்.

சரி, நம் பக்கம் வருவோம், பாலூட்டிகள். எலிக் கருவும் மனிதக் கருவும் முதல் சில நாட்களில் மிகவும் தாராளமானவை. 1959இல் போலந்தின் தர்கோவ்ஸ்கி எலிக் கருவின் இரண்டு செல்களில் ஒன்றை அழித்துவிட்டு மிச்சத்தைத் தாய் எலிக்குள் வைத்தார், முழுக் குட்டி பிறந்தது. 1961இல் தலைகீழாகச் செய்தார், இரண்டு கருக்களை ஒட்டி ஒன்றாக்கினார், பிறந்தது இரட்டை மடங்கு எலி இல்லை, சாதாரண அளவு எலிதான். குறைந்தாலும் ஈடுகட்டும், கூடினாலும் தட்டிக் குறைக்கும்.

எலியில் செல்லின் தலைவிதியை முதலில் முடிவு செய்வது இடம். எட்டிலிருந்து பதினாறு செல் ஆகும்போது சில வெளியே இருக்கும், சில உள்ளே மாட்டிக்கொள்ளும். வெளியே இருப்பதற்கு ஒரு பக்கம் திறந்த முகம் இருக்கிறது, அந்த முகம் இருப்பதாலேயே யாப் என்ற புரதம் உட்கருவுக்குள் போய் சிடிஎக்ஸ்2 மரபணுவை எழுப்பும், அந்தச் செல் நஞ்சுக்கொடிப் பக்கம் போகும். உள்ளே நாலாபக்கமும் நெருக்கப்பட்ட செல்லில் யாப் வெளியிலேயே நின்றுவிடும், அது பிள்ளைக் கொத்தில் சேரும். இப்போது வெளிச்சுவரை மொத்தமாக அகற்றிவிட்டு உள்கொத்தை மட்டும் வைத்தால் என்ன ஆகும்? கொத்தின் ஓரத்தில் இருந்தவை திடீரென்று வெளியே வந்துவிட்டன, அவற்றுக்கும் ஒரு திறந்த முகம் கிடைத்துவிட்டது, ஆகவே அவை புதிதாக வெளிச்சுவர் ஆகின்றன. 1970களின் இறுதியில் பல ஆய்வகங்கள் இதைக் காட்டின. ஆனால் உருண்டை நன்றாக விரிந்து வயசான பிறகு இதைச் செய்தால் உள்கொத்து வெளிச்சுவரைத் திரும்பக் கட்டாது, அந்த வழி அடைந்துவிடும். உங்கள் விஷயத்தில் வெளிச்சுவரில் ஒரு ஓரத்தைத்தான் எடுக்கிறார்கள், மிச்சச் சுவர்ச் செல்கள் பிளந்து பெருகியே இடத்தை மூடிவிடும், இத்தனை தூரம் போக வேண்டிய அவசியமே இல்லை.

அப்படியென்றால் எவ்வளவு சின்னத் துண்டிலிருந்தும் முழு உயிர் வருமா? இங்கேதான் கடிகாரம் குறுக்கே வருகிறது. எலிக் கருவில் நடுக்குழி உண்டாகும் நேரம் செல் எண்ணிக்கையைப் பார்த்து வருவதில்லை, கருவுற்று எவ்வளவு நேரம் ஆச்சு என்பதைப் பார்த்து வருகிறது. முழுக் கருவில் அந்த நேரத்தில் முப்பது சொச்சம் செல்கள் இருக்கும், பாதிக் கருவில் பதினாறு, கால் கருவில் எட்டு. எட்டே செல்லில் குழி விழுந்தால் கிட்டத்தட்ட எல்லாமே சுவராகிவிடும், உள்ளே விட ஆள் இல்லை. நஞ்சுக்கொடி மாதிரி ஒரு வெற்றுப் பை மட்டும் கிடைக்கும், பிள்ளை இருக்காது. அந்தக் கால் செல்லுக்குத் திறமை இல்லாமல் இல்லை, நேரம்தான் போதவில்லை. மாட்டிலும் குரங்கிலும் கொஞ்சம் தளர்ச்சி உண்டு போலிருக்கிறது, நான்காகப் பிரித்த ரீசஸ் குரங்குக் கருவின் ஒரு கால் பங்கிலிருந்து 1999ஆம் ஆண்டில் டெட்ரா என்ற குட்டி பிறந்தது.

இந்தக் கணக்கு உங்கள் சோதனைக்கு நேராகப் பொருந்தும். 1990இல் இங்கிலாந்தில் இந்தச் சோதனையோடு முதல் குழந்தைகள் பிறந்தபோது மூன்றாம் நாளில்தான் எடுத்தார்கள், ஆறு அல்லது எட்டு செல்லில் ஒன்று. குழந்தைகள் முழுசாகத்தான் பிறந்தார்கள், ஒருத்தருக்கும் எட்டில் ஒரு பங்கு குறையவில்லை. ஆனால் கருப்பையில் ஒட்டிப் பிடிக்கும் வாய்ப்பு அடிபட்டது. 2013இல் அமெரிக்காவில் ஒரு குழு இதை அழகாகச் சோதித்தது: ஒரே பெண்ணுக்கு இரண்டு கருக்களை வைப்பது, ஒன்றில் மட்டும் செல் எடுத்திருப்பது, பிறகு எது பிடித்தது என்று மரபணு வைத்துக் கண்டுபிடிப்பது. மூன்றாம் நாளில் எடுத்தவற்றில் 30 சதவீதம் நிலைத்தன, தொடாதவற்றில் 50. ஐந்தாம் நாளில் எடுத்தவற்றில் 51, தொடாதவற்றில் 54, அதாவது பெரிய வித்தியாசம் இல்லை. எட்டில் ஒன்று போவதற்கும் நூறில் ஏழு போவதற்கும் உள்ள வேறுபாடு. ஈடுகட்ட முடியும் என்பது வேறு, அதற்கு விலை இல்லை என்பது வேறு. உங்கள் கிளினிக்கில் ஐந்தாம் நாளில் எடுப்பதற்குக் காரணமும் இதுதான், எடுப்பவரின் கைப்பழக்கம் எப்படி என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

ஊசி இல்லாமலே இயற்கை இதை அடிக்கடி செய்கிறது. ஏறக்குறைய 250 பிரசவத்துக்கு ஒன்றில் ஒற்றைக்கரு இரட்டையர் பிறக்கிறார்கள், அவர்கள் ஒவ்வொருவரும் கருவில் ஒரு பங்கை இழந்து, அதை ஈடுகட்டி வந்தவர்கள்தான். ஆளுக்குப் பாதி உடம்பு இல்லையே. கரு இப்படிப் பிரிவதற்குச் சுமார் இரண்டு வாரம் வரைதான் அவகாசம், கடைசி நேரத்தில் பிரிந்தால் ஒட்டிப் பிறக்கும் அபாயம். பதினான்காம் நாள் வாக்கில் கருவில் முதல் கோடு விழுந்து தலை எங்கே வால் எங்கே என்று திசை நிர்ணயமாகிறது, அதற்குப் பிறகு அது இரண்டாக முடியாத ஒரு ஆள். சிங்கப்பூர்ச் சட்டம் மனிதக் கருவை உடலுக்கு வெளியே 14 நாளுக்கு மேல் வளர்க்கக் கூடாது என்று 2004இல் தடை போட்டதற்குப் பின்னணியிலும் இந்தக் கோடுதான் இருக்கிறது. நம் ஊரில் இந்தக் கேள்விகள் புதிதில்லை. பேராசிரியர் எஸ். எஸ். ரத்னம் தலைமையில் 1983இல் கேகே மருத்துவமனையில் ஐவிஎஃப் குழந்தை பிறந்தபோது ஆசியாவிலேயே முதல் என்று கொண்டாடினார்கள் (கல்கத்தாவில் 1978இலேயே துர்கா என்ற ஐவிஎஃப் குழந்தை பிறந்துவிட்டாள், அந்தக் கதை தனி). 1994இல் தேசியப் பல்கலைக்கழகத்தின் அரிஃப் பொங்சோ ஐந்தாம் நாள் மனிதக் கருவின் உள்கொத்தைப் பிரித்து எடுத்துத் தட்டில் வளர்த்துக் காட்டினார், உலகத்தில் அதற்கு முன் யாரும் செய்யாதது.

இதுவரை படித்துவிட்டு, கரு எதையும் தாங்கும் என்று நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு காலம் உண்டு, அது தாண்டினால் போனது போனதுதான். முட்டையிலேயே சரக்கு பங்கு போட்டு வைக்கப்பட்டிருந்தால் தொடக்கத்திலிருந்தே வழியில்லை: ஆசிடியன் என்ற கடல் பிராணியின் முட்டையில் வால் தசைக்கான சரக்கு ஒரு மஞ்சள் பகுதியில் குவிந்திருக்கும், அதை வாங்கிக்கொண்ட செல்லை எடுத்துவிட்டால் மற்றதிடம் அந்தச் சரக்கே கிடையாது, தடையை நீக்கி என்ன பிரயோஜனம். பழ ஈயில் இனச்செல்லாகப் போகிற நுனிச் செல்களை அழித்தால் ஈ நன்றாக வளரும், பறக்கும், மலடாக இருக்கும். கோழிக் கருவில் நரம்புக் குழாயின் மேல் விளிம்பை வெட்டினால் பல இடங்களில் பக்கத்துச் செல்கள் வந்து சரிக்கட்டிவிடும், ஆனால் இதயத்துக்குப் போக வேண்டிய பகுதியை வெட்டினால் சரிவராது, பெரிய தமனியும் நுரையீரல் தமனியும் பிரியாமல் ஒரே குழாயாக நின்றுவிடும் என்று மார்கரெட் கிர்பி 1983இல் காட்டினார். மனிதக் குழந்தைகளிலும் அப்படிப்பட்ட இதயக் கோளாறு உண்டு. 2007இல் டக்ளஸ் மெல்டனின் குழு எலிக் கருவில் கணையத்தின் மூலச் செல்களில் ஒரு பகுதியை அழித்தது, பிறந்த எலியின் கணையம் சிறுத்தே இருந்தது, கடைசிவரை ஈடாகவில்லை. ஈரலில் அதையே செய்தபோது ஈரல் முழு அளவுக்கு வந்துவிட்டது. அடுத்தடுத்து இருக்கிற இரண்டு உறுப்பு, ஒன்று கணக்கை நேர்செய்கிறது, இன்னொன்று கொடுத்ததை வைத்துக்கொண்டு நடத்துகிறது.

உங்கள் ரிப்போர்ட்டில் "மொசைக்" என்று ஒரு சொல் வந்தால் அதற்கும் இதோடு தொடர்பு உண்டு, தலசீமியாவுக்காக மட்டும் பார்த்தால் பெரும்பாலும் வராது, குரோமோசோம் எண்ணிக்கையையும் பார்க்கும்போது வரும். கருவின் சில செல்களில் குரோமோசோம் சரியாகவும் சிலவற்றில் தவறாகவும் இருப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். 2015இல் இத்தாலியில் அப்படிப்பட்ட கருக்களை 18 பெண்களுக்கு வைத்ததில் ஆறு ஆரோக்கியமான குழந்தைகள் பிறந்தன. மறு வருஷம் கேம்பிரிட்ஜில் எலிக் கருவில் பார்த்தபோது, பிள்ளைக் கொத்தில் இருந்த பழுதுச் செல்கள் தாமாகச் செத்து, நல்ல செல்கள் பெருகி இடத்தை எடுத்துக்கொண்டன. எல்லா மொசைக் கருவும் தேறும் என்று இதற்கு அர்த்தமில்லை, குப்பையில் போடு என்று உடனே சொல்லிவிடவும் முடியாது. டாக்டரோடு உட்கார்ந்து பேச வேண்டிய இடம் அது.

கடைசியாக நாத்தனார். கரு உருவான முதல் இரண்டு வாரத்தில் பலமான பாதிப்பு ஏற்பட்டால், ஒன்று கரு மொத்தமாகப் போய்விடும், மாதவிலக்கு தள்ளிப்போய் வந்ததாகத் தோன்றும், அல்லது மிஞ்சிய செல்கள் ஈடுகட்டிக் குழந்தை சரியாகவே வளரும், நடுவில் ஊனத்தோடு பிறப்பது அபூர்வம். காரணம் நான் மேலே சொன்னதுதான், அந்த நேரத்தில் எந்தச் செல்லுக்கும் தனி வேலை இல்லை. அப்புறம் நெஞ்சு எக்ஸ்ரேயில் கருப்பைக்குப் போகும் கதிர் 0.01 மில்லிகிரேகூட இருக்காது, கவலைப்பட ஆரம்பிக்கும் அளவு 100 மில்லிகிரே, ஆகவே ஈடுகட்ட அங்கே எதுவும் கெட்டிருக்கவே போவதில்லை, நிம்மதியாக இருக்கச் சொல்லுங்கள். மாத்திரை விஷயத்தில் மட்டும் இந்த விதியை நம்பி அலட்சியமாக இருக்கக் கூடாது. சொரியாசிஸுக்குக் கொடுக்கும் அசிட்ரெட்டின், மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் லெஃப்லுனோமைட் மாதிரிச் சில மருந்துகள் நிறுத்திய பிறகும் நீண்ட நாள் உடம்பில் தங்கும், முதல் வாரத்தில் சாப்பிட்டது உறுப்புகள் உருவாகும் வாரத்திலும் அங்கேயே இருக்கும். அப்படி ஏதாவது சாப்பிட்டிருந்தால் பெயரையும் தேதியையும் குறித்துக்கொண்டு டாக்டரைப் பார்க்கட்டும். பார்க்கும்போது வாரக் கணக்கில் குழம்ப வேண்டாம்: அட்டையில் எழுதுவது கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணும் கணக்கு, அதில் ஐந்தாம் வாரம் முடிந்தது என்றால் கருவின் வயது மூன்று வாரம்தான், ஆனால் அந்த மூன்றாவது வாரத்தோடு இதயம் உருவாகத் தொடங்கிவிடுகிறது.